நோட்டட், சார்!

பெட்டாலிங் ஜெயாவில் தனியார் கல்லூரிகளுக்கும் குறைவில்லை; அவற்றின் வகுப்பறைகளில் மௌனத்துக்கும் குறைவில்லை. கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து, விரிவுரைகள் யாவும் கைப்பேசிக்குள் குடிபுகுந்த நாள் முதலாக, நேரில் வினவினால் தரையை நோக்கும் மாணவ சிரோமணிகள், வாட்ஸ்அப் குழுவிலே நள்ளிரவு கடந்தபின் “சார், நாளைக்கு கிளாஸ் இருக்கா?” என்று பரம சிரத்தையோடு விசாரிக்கும் அதிசயத்தைக் கண்டுவருகிறோம். ஆசிரியர் பெரும் பிரயாசையுடன் எழுதியனுப்பும் விளக்கத்துக்கு “நோட்டட், சார்” என்ற மறுமொழி வரிசையாக வந்து விழும். என்ன நோட் செய்யப்பட்டது என்பது அந்தர்யாமிக்கே வெளிச்சம்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், சபா மாநிலத்து மாணவி ஒருத்தி இணையத் தொடர்பு தேடி மரமேறிய காணொளி நாடெங்கும் பரவிற்று. நமது பட்டணத்துச் செல்வங்களோ, மாமாக் உணவுக்கடையில் வைஃபை நிழலில் அமர்ந்து, தே தாரிக் தேநீரை ஆற அமர அருந்தியவாறே “லைன் சரியில்ல, சார்” என்று விண்ணப்பித்துக்கொள்கிறார்கள்.

ஆயினும் கருவியைப் பழிப்பது நியாயமன்று. அதே வாட்ஸ்அப்பில் ஆசிரியர் பிரவேசிக்க இயலாத மற்றொரு குழுவும் உண்டு. பரீட்சைக்கு எந்த ஸ்லைடு வரும், குழுவேலையில் நழுவியவர் யார் முதலிய சகல ஞானமும் அங்கேதான் தங்குதடையின்றிப் பரிமாறப்படுகின்றது, இடையிடையே ஆசிரியரின் முகத்தைக்கொண்டு செய்த ஸ்டிக்கர்களோடு.