ஆடி முப்பதும் மூவர்ணமும்: கம்பம் பள்ளத்தாக்கின் சுதந்திர தின அலங்காரம் குறித்த ஓர் ஆய்வு

ஆகஸ்ட் 15 தமிழ் நாட்காட்டியில் என்ன தேதி என்று எந்த வரலாற்றாசிரியரும் கேட்டதில்லை. அது ஆடி மாதம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது, பெரும்பாலும் ஆடி 30 அன்று வருகிறது. 1947-ஐ மவுண்ட்பேட்டன், காந்தி, கப்பற்படைக் கலகம் என்று பல பக்கமும் அலசியவர்கள் ஆடியைத் தொடவே இல்லை. அந்தக் குறையை இக்கட்டுரை போக்குகிறது. தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடத்துத் தோரணம் முதல் பாரதமாதாவின் சேலை வரை சுதந்திர தின அலங்காரம் அத்தனையையும் தீர்மானிப்பது ஆடி மாதமே. தேசபக்தி துணைக்காரணம் மட்டும் என்பது நம் கருதுகோள்.

முதற்சான்று தையற்கடை. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பட்டு ஜாக்கெட் இல்லை, லைனிங் இல்லை, "நாளைக்கு முகூர்த்தம்" என்று வாசலில் நிற்பவர் இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் டெய்லர் அண்ணன் தலையைக் கூட நிமிர்த்த முடியாது. இந்த இடைவெளியில்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா துணிப்பையோடு வந்து சேர்கிறார்.

"அண்ணே, பாரதமாதா வேசம். பதினாலாந் தேதி சாயந்தரம் வேணும்."

"கிரீடமும் நாந்தேன் தைக்கணுமாம்மா?"

கிரீடம் சார்ட் அட்டையும் ஜிகினாவும் என்பதால் அது அப்பா பொறுப்பு. துணி ஆடித் தள்ளுபடியில் எடுத்தது. காவி கேட்ட இடத்தில் தள்ளுபடி மேசையில் மாம்பழ மஞ்சள்தான் இருந்தது என்பதால், பள்ளத்தாக்கின் பாரதமாதாக்கள் ஆண்டுக்கு ஒரு நிறத்தில் வருகிறார்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுகிறது. தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 2005-இல் செய்த திருத்தத்தின்படி, கொடியை இடுப்புக்குக் கீழே அணியும் உடையாக்கக் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. சேலையோ இடுப்புக்குக் கீழேதான் அதிகம் இருக்கிறது. மூன்று நிறம் மட்டும் இருந்தால் அது வெறும் சேலை, நடுவில் சக்கரம் வந்தால் அது கொடி என்று நம் டெய்லர் அண்ணன் ஒரு வியாக்கியானம் வைத்திருக்கிறார். ஆகவே 24 ஆரங்களையும் கிரீடத்துக்கு ஏற்றிவிட்டார். இதைவிடப் பாதுகாப்பான யோசனையை உயர் நீதிமன்ற வழக்கறிஞரும் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது காற்று. இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்து தேடி உள்ளே நுழையும் இடங்களாகத் தமிழ்நாட்டில் நான்கைச் சொல்வார்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். காற்றாலைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். தலைமையாசிரியர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 காலையில் புதிதாகக் கண்டுகொள்கிறார்கள்.

இந்தியத் தர நிர்ணயத்தின் முதல் எண்ணே, ஐ.எஸ். 1, தேசியக் கொடிக்கு உரியது. நீள அகலம் 3:2. பெரியது 6300-க்கு 4200 மில்லிமீட்டர், சிறியது 150-க்கு 100. நூலுக்கும் சாயத்துக்கும் அதில் விதி உண்டு. சுருக்கு முடிச்சுக்கு விதி காணோம். கொடிக்குள் பூ வைத்துச் சுருட்டி, சுருக்குப் போட்டு, உச்சிக்கு ஏற்றி வைப்பது பி.டி. சார் வேலை. (ஆகஸ்ட் 15-க்குக் கீழிருந்து ஏற்றுவதும் ஜனவரி 26-க்கு மேலே கட்டியதை அவிழ்ப்பதும் டெல்லி வழக்கம். நம் பள்ளிகளில் இரண்டு நாளும் மேலே கட்டியதுதான் அவிழும், அவிழ்ந்தால்.) சுருக்கைத் தளர்வாகப் போட்டால், சிறப்பு விருந்தினர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காற்று கொடியை ஏற்றி வைத்துவிடுகிறது. இறுக்கிப் போட்டால் கூடலூர்ப் பக்கத்துச் சாரலில் கயிறு நனைந்து மேலும் இறுகுகிறது. விருந்தினர் இழுக்கிறார், தாயின் மணிக்கொடி இரண்டாம் முறையும் பாடப்படுகிறது, கம்பம் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவிலான இறுக்கத்தை அறிந்த பி.டி. சார்கள் ஓய்வு பெறும்போது அந்த ஞானமும் அவர்களோடு ஓய்வு பெற்றுவிடுகிறது.

பூவைப் பற்றி ஒரு சொல். கொடியில் எதையும் பொதிந்து வைக்கக் கூடாது என்னும் சட்டம், விழா நாளில் மலரிதழுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. சீலையம்பட்டிப் பூச்சந்தை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இந்த விலக்கை வீணாக்குவது நியாயமில்லை. ஆனால் இதழ்கள் விருந்தினர் தலையில் விழ வேண்டும் என்பது மரபு. மேற்கேயிருந்து வரும் ஆடிக்காற்றில் அவை கிழக்கே நிற்கும் ஆறாம் வகுப்பு பி பிரிவின் மேல் விழுகின்றன.

தோரணத்தில் அறிஞர்கள் இரு கட்சி. கொடியைத் தோரணமாகக் கட்டக் கூடாது என்கிறது 2002-இன் கொடி விதித்தொகுப்பு. அதற்குப் பணிந்து, மூன்று நிறத்தாளையும் தனித்தனியாக முக்கோணமாக வெட்டி, மைதா பசை தடவிச் சணலில் ஒட்டுவது ஆண்டிபட்டி மரபு. அங்கே காற்று காய்ந்து வரும், பசை நிற்கும். கூடலூர் மரபு ஈரத்துக்கு அஞ்சி ஒரு காலத்தில் பிளாஸ்டிக்கை நாடியது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடைசெய்த பொருட்களில் பிளாஸ்டிக் கொடியும் சேர்ந்ததால் இம்மரபு நெருக்கடியில் உள்ளது. 2021 டிசம்பர் 30-இல் பாலியெஸ்டர் கொடிக்கு அனுமதி வந்தது, மறு ஆண்டு ஆகஸ்டில் வீடுதோறும் மூவர்ணம் ஏறியது. ஆனால் கொடி வேறு, தோரணம் வேறு. இரு கட்சிக்கும் பொது எதிரி வெள்ளாடு. அது மைதா பசைக்காகவே வருகிறது, நிறபேதம் பார்ப்பதில்லை.

ஓர் ஐயம் எழலாம்: இதெல்லாம் ஆடியால்தான் என்று எப்படிச் சொல்வது? ஜனவரி 26-ஐப் பாருங்கள். அதே கொடி, அதே பள்ளி, அதே மிட்டாய். ஆனால் தை மாதம். முகூர்த்தம் நெருக்குகிறது, டெய்லர் நிமிர்ந்து பார்ப்பதில்லை, தள்ளுபடி இல்லை. தோரண உற்சாகத்தைப் பொங்கலும், முல்லைப் பெரியாறு அணை கட்டிய, ஜனவரி 15-இல் பிறந்த பென்னிகுக்குக்குப் பாலார்பட்டியில் வைக்கும் பொங்கலும் முன்பே தீர்த்துவிடுகின்றன. குடியரசு தினத்தில் பாரதமாதா போன ஆகஸ்ட் சேலையையே உடுத்தி, கொஞ்சம் உயரமாகி வந்து நிற்கிறார்.

அமெரிக்காவின் சுதந்திர தினமான ஜூலை 4 கோடைத் திருநாள். அதற்கு நட்சத்திரமும் கோடுமாக ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். கொடியைப் படுக்கையாக்கக் கூடாது என்று அவர்கள் கொடி விதியும் சொல்கிறது. போர்வை கொடியல்ல, கொடிமாதிரி என்று அங்கேயும் ஒரு டெய்லர் அண்ணன் சொல்லியிருப்பார். நம் சட்டம் இன்னும் கண்டிப்பு: மெத்தைத் திண்டில் கொடியை அச்சடிக்கவும் கூடாது, பூவேலை செய்யவும் கூடாது. எனவே தேசபக்திப் போர்வை நம்மிடம் தோன்றவில்லை என்றே ஆய்வுலகம் நம்பிவந்தது. ஆகஸ்ட் 16 அன்று தையற்கடை மூலையில் கிடக்கும் மாம்பழ மஞ்சள், வெள்ளை, பச்சைப் பிட்டுத் துணிகளை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாரும் பின்தொடர்ந்து பார்க்காததால் வந்த நம்பிக்கை இது. அவை வீட்டுத் தலையணைக்குள் போகின்றன. உறைக்கு மேலே என்ன இருக்கக் கூடாது என்று சொன்ன சட்டம் உள்ளே திணிப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. டெய்லர் அண்ணனும் படித்துப் பார்த்துவிட்டார்.