சுடுவது தெரியும், கேட்காது

வாய்ப்புத் தேடும் நடிகரிடம் ‘குதிரை ஓட்டத் தெரியுமா?’ என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்? ஜி.எம். ஆண்டர்சனும் தலையாட்டினார். எட்வின் எஸ். போர்ட்டர் 1903ல் எடுத்த ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’யில் கொள்ளைக்காரன் வேடம். குதிரைக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது, கீழே தள்ளிவிட்டது. ஆண்டர்சன் அதே படத்தில் சுடப்பட்டுச் சாகும் ரயில் பயணியாகவும் வந்து கணக்கை நேர்செய்தார். பிறகு ‘பிராங்கோ பில்லி’யாக நூற்றுக்கணக்கான குறும்படங்களில் சவாரி செய்து, 1958ல் கௌரவ ஆஸ்கரும் வாங்கினார்.

‘டிரெய்ன் ராபரி’ பன்னிரண்டு நிமிடக் கௌபாய் படம். எடுத்த இடமோ நியூ ஜெர்சி! கொள்ளைத் தலைவன் பார்வையாளரை நோக்கிச் சுடும் துண்டை முதலிலோ கடைசியிலோ இஷ்டப்படி ஓட்டிக்கொள்ளலாம் என்று தியேட்டர்காரர்களுக்குப் படத்தைத் தயாரித்த எடிசன் கம்பெனி அனுமதி தந்திருந்தது. கிளைமாக்ஸை முன்னால் போட்டாலும் கெடாத கதை.

இந்த மௌனக் கௌபாய் படங்களையெல்லாம் இன்று பார்க்க முடியுமா? முடியும், சரியான வேகத்தில் ஓடும் பிரதி கிடைத்தால். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு பிரேம்கள்தான் பதிவாகும். அதைப் பேசும் படத்துக்குரிய 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால், இறுதி ஊர்வலம்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடும்.

இன்னொரு கௌபாய் நாயகரான வில்லியம் எஸ். ஹார்ட்டின் படங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ (1916) படத்தில் பாதிரியாரைத் துரத்த வந்த முரடர், பாதிரியாரின் தங்கையைப் பார்த்ததும் திருந்திவிடுகிறார். பாதிரியாரோ குடித்துக் கெடுகிறார். திருந்திய வேகத்தில் நாயகர் ஊரையே கொளுத்துகிறார், திருந்தாமலே இருந்திருக்கலாம். ஆனால் ‘டம்பிள்வீட்ஸ்’ (1925) வேறு ரகம். ஓக்லஹோமாவில் 1893ல் இலவச நிலத்துக்காக நடந்த ஓட்டத்தை, வண்டிகளும் குதிரைகளும் புழுதி கிளப்ப எடுத்திருக்கிறார்கள். அறுபதைத் தொட்டிருந்த ஹார்ட் அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கிறார். கிராபிக்ஸ் கிடையாது, விழுந்தால் நிஜமாகவே விழ வேண்டும்.

நெளிய வைக்கும் இடங்களும் உண்டு. செவ்விந்தியர்களைப் பல படங்கள் அம்பு விடும் கும்பலாக மட்டுமே காட்டின. அதை மன்னிக்க வேண்டிய அவசியமில்லை.

எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாதவர்கள் பஸ்டர் கீட்டனின் ‘கோ வெஸ்ட்’ (1925) பார்க்கலாம். அதில் நாயகி ஒரு பசு. பெயர் பிரவுன் ஐஸ். சீட்டாட்டத்தில் எதிராளி துப்பாக்கியை நீட்டி, ‘சிரித்துக்கொண்டே சொல்’ என்கிறான். கீட்டனோ திரையில் சிரிக்காததற்கே பேர்போனவர். இரண்டு விரல்களால் உதட்டோரங்களை மேலே தள்ளிக் காட்டுகிறார். அமெரிக்காவில் இப்படத்தின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கி, இதிலிருந்தே தொடங்குங்கள்.