‘பாக்க ஒண்டுமில்ல’: புத்தளம் கரையோர வழக்கில் ஒரு வாக்கியத்தின் பொருளாராய்ச்சி

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலபாடம் மிகச் சிறியது. ஏட்டிலும் இல்லை, கல்வெட்டிலும் இல்லை. புத்தளத்திலோ பாலாவியிலோ கற்பிட்டியிலோ ஏதாவது ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, “இந்த ஊரில பாக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டால் போதும். வீட்டுக்காரர் தென்னந்தோப்புப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டதா என்று உறுதி செய்துகொள்வார். பிறகு, “இங்கயா? பாக்க ஒண்டுமில்ல” என்பார். ‘என்னத்தப் பாக்கிற?’, ‘கடல்தான் இருக்கு’ என்ற பாடபேதங்களும் உண்டு. பொருள் ஒன்றே என்பதால் அவற்றைத் தனியே ஆராயவில்லை.

ஆய்வுக்குத் தூண்டுகோல், என் மச்சானின் மகன். பிரான்சில் மார்செய் நகரத்தில் வளர்ந்தவன். மத்தியதரைக் கடலோரத்தில் 2,600 வருடங்களுக்கு முன் கிரேக்கர் வந்து குடியேறிய துறைமுகம் அது. விடுமுறைக்கு வந்தவன் கற்பிட்டியில் சாச்சாவிடம் மேற்படி கேள்வியைக் கேட்டான். சாச்சா மேற்படி பதிலைச் சொன்னார். பையன் அதை நம்பிவிட்டான். ஐரோப்பாவில் வளர்ந்த பிள்ளைகளிடம் உள்ள பெருங்குறை இதுதான், சொன்னதை அப்படியே நம்புவார்கள். மூன்று நாள் கையடக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் பொருள்கொண்டால் ஒரு விடுமுறையே பாழாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதலில் இலக்கணம். ‘ஒண்டும்’ என்பதில் உள்ள ‘உம்’ எந்த உம்மை? உம்மைக்குப் பொருள் எட்டு என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டிருக்கிறோம். பையன் அதை முற்றும்மையாக எடுத்துக்கொண்டான்: எதுவுமே இல்லை, கதை முடிந்தது. என் கட்சி அது எச்சவும்மை என்பது. ஒன்றும் இல்லை என்றால் எஞ்சியது ஏதோ இருக்கிறது, அது இன்னும் சொல்லப்படவில்லை. இழிவுசிறப்பும்மை என்று வாதிடும் ஒரு தரப்பும் உண்டு. தன் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும், “பெரிசா ஒண்டும் செய்யல்ல, ரெண்டு மாடுதான்” என்று சொல்கிற சமூகத்தில் அந்தத் தரப்பை இலேசில் தள்ளிவிட முடியாது.

அடுத்தது ‘பாக்க’. ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். எச்சமென்றால் அதை முடிக்க ஒரு வினை வேண்டும். ‘இல்லை’ என்ற குறிப்பு வினைமுற்றே முடித்துவைக்கிறதே என்று கேட்பார் உளர். குறிப்பு வினை குறிப்பால்தான் பொருள் தரும், அந்தக் குறிப்பு வருவது அடுப்படியிலிருந்து. நான் கவனித்தவரையில் இந்த வாக்கியம் தனியே வந்ததில்லை. “பாக்க ஒண்டுமில்ல” என்பதற்கும் “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்பதற்கும் இடையில் ஒரு மூச்சு விடும் நேரம்தான். இரண்டும் சேர்ந்தே ஒரு வாக்கியம். ஆகவே பொழிப்புரை: ‘நீங்கள் எழுந்து போய்ப் பார்க்கும் அளவுக்கு இங்கே எதுவும் இல்லை, ஏனென்றால் நீங்கள் எழுந்து போவதை நாங்கள் விரும்பவில்லை.’

இது புதுப் பழக்கமா, பழைய பழக்கமா என்பது வரலாற்றுக் கேள்வி. சான்றுகள் தொன்மையின் பக்கமே நிற்கின்றன. கிளாடியஸ் ரோமாபுரியை ஆண்ட முதலாம் நூற்றாண்டில், செங்கடல் வரிக் குத்தகைக்காரரான அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரிடமிருந்து விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியாவைச் சுற்றிப் போகும்போது காற்றில் அடித்துக்கொண்டு வரப்பட்டு, 15ஆம் நாள் இந்தத் தீவின் ஹிப்புரோஸ் என்ற துறையில் ஒதுங்கினார் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை. ஆகவே அது வில்பத்துக் காட்டின் கடலோரத்துக் குதிரைமலை என்று பலர் கருதுகிறார்கள். நமக்கு முக்கியம் அடுத்து நடந்தது. வந்தவர் ஆறு மாதம் விருந்தாளியாக இருந்தார், மொழி பழகினார், பேசினார். என்ன பார்த்தார் என்பதைவிட என்ன பேசினார் என்பதே பிளினியின் குறிப்பில் பெரிதாக இருக்கிறது. அதிலும் விசித்திரம், அவர் வைத்திருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு மன்னர் தலை இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு தீவின் அரசர் வியந்து, நான்கு தூதர்களை ரோமுக்கு அனுப்பிவைத்தார். அதாவது வந்து ஒதுங்கியவர் இங்கே இருந்து சாப்பிட்டார், இங்கே இருந்தவர்கள் அங்கே சுற்றிப் பார்க்கப் போனார்கள். இத்தாலிக்குப் போகும் பழக்கம் மாவட்டத்தின் தெற்கில் இன்னும் விடுபடவில்லை. வென்னப்புவப் பக்கத்தில் இத்தாலிக் காசில் எழுந்த மாடி வீடுகளைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அதைவிடத் தெளிவான சான்று இப்னு பதூதா. 1304இல் தாஞ்சியரில் பிறந்தவர், மத்தியதரைக் கடலின் வாசற்படியில். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து பத்தாலா என்ற ஊரில் இறங்கினார். அது புத்தளம் என்பதே பெருவழக்கான கருத்து. மரத்தாலான மதிலும் மரக் காவற்கோபுரங்களும் சூழ்ந்த ஊர், ஆறு அடித்துக்கொண்டு வந்து கரையில் குவித்த கறுவாக் கட்டைகள், பாரசீகம் தெரிந்த ஆரியச்சக்கரவர்த்தி, அவர் முன்னால் குவிந்து கிடந்த முத்துகள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். மூன்று நாள் விருந்து. வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளும் என்று அரசர் சொன்னபோது, அந்தப் பெரும் பயணி கேட்டது பாவா ஆதம் மலைக்குப் போக வழி. அரசர் பல்லக்குக் கொடுத்தார், நாலு யோகிகள், மூன்று பிராமணர், பரிவாரத்தில் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட அனுப்பினார். உலகத்தைச் சுற்றியவரே வந்து இறங்கியும், மூன்று நாளைக்குப் பிறகு வேறு ஊர் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். அவர் புத்தளத்தில் யாரிடமாவது, “இங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டாரா என்பதைக் குறிப்பிடவில்லை. கேட்டிருப்பார் என்றே இந்த ஆய்வாளருக்குத் தோன்றுகிறது.

ஒல்லாந்தர் மட்டும் இந்த நியதிக்கு அடங்கவில்லை. அவர்கள் யாரையும் கேட்கவில்லை. கற்பிட்டிக்கு வந்தார்கள், களப்பின் வாயில் நின்று பார்த்தார்கள், எவன் எதை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று நிரந்தரமாகப் பார்த்துக்கொண்டிருக்க 1667இல் தொடங்கி 1676இல் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். பார்ப்பதற்கென்றே கட்டிய கட்டடம் அது. 1795இல் ஆங்கிலேயர் வந்து, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

கற்பிட்டியில் பிறந்த பேரறிஞர் ஒருவரும் நம் பக்கச் சாட்சியே. 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி இலங்கையின் ஊர்களையெல்லாம் ஆங்கிலத்தில் அகரவரிசைப்படுத்தி 1834இல் கெசற்றியர் வெளியிட்டார். தீவு முழுவதிலும் எங்கே என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லத் துணிந்தவர் கற்பிட்டிக்காரர். ‘இங்க ஒண்டுமில்ல’ என்று சொல்லிப் பழகிய வாய்க்குத்தான், எங்கே என்ன இருக்கிறது என்று எழுதத் தோன்றும். பிறகு தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதினார். அது 1859இல் வந்தது.

1926இல் ரயில் புத்தளம் வந்தது. ஆட்கள் போகும் ரயில் புத்தளத்தோடு நின்றுவிடும். அதற்கு வடக்கே போவது சுண்ணாம்புக்கல் ரயில்தான், அருவாக்காட்டுக் கல்லைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஏற்றிவர. பார்க்க ஒன்றுமில்லை என்ற சொல்லைக் கொழும்பும் நம்பிவிட்டது போலும். பின்னாளில், தன் குப்பையைக் கொட்ட அதே அருவாக்காட்டைத்தான் தேர்ந்தெடுத்தது. ஊர் வீதிக்கு இறங்கிக் கத்திய பிறகுதான், ‘ஒண்டுமில்ல’ என்பது முற்றும்மை அல்ல என்று வெளியூருக்கு முதல் தடவையாக விளங்கியிருக்கும்.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். பையனுடைய மார்செயில் கடலுக்கு நடுவே இஃப் என்ற கோட்டை இருக்கிறது. அலெக்சாந்தர் டூமா தன் நாவலின் நாயகனை அங்கே சிறைவைத்தார். இன்று போகிறவர்களுக்கு அந்த நாயகன் இருந்த அறையையும், சுவரில் அவன் தோண்டிய துவாரத்தையும் காட்டுகிறார்கள். பிறக்கவே பிறக்காத ஒருவன் தோண்டிய துவாரம்! அதற்கு நுழைவுச் சீட்டு. நாமோ உண்மையில் வந்து மூன்று நாள் சாப்பிட்டுப் போன இப்னு பதூதாவுக்கு ஒரு பாயைக்கூட எடுத்துக் காட்டுவதில்லை. பொன்பரிப்பில் தாழியில் அடக்கம் செய்யப்பட்ட ஆதிமக்களையும் நாம் இல்லாதவர்களாக்கிவிடுகிறோம். சிரம்பியடியில் மாஞ்சா பாடும் காப்பிரி மக்களைக் கேட்கப் போகலாம் என்று எந்த மாமாவும் தானாகச் சொல்லி நான் அறியேன்.

கடலிலும் இதே கதை. கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரை, வெளிநாட்டவர் கூட்டம் கூட்டமாய் வந்து வள்ளத்துக்குக் காசு கொடுத்து ஓங்கில் பார்க்கப் போகிறார்கள். மீன்பிடிக்கிறவர்களுக்கு ஓங்கில் என்றால் வலையைக் கிழிக்கிற சனியன். “அதப் பாக்கவா காசு குடுக்கிறான்?” என்ற அவர்களின் வியப்பு இன்னும் அடங்கவில்லை. கச்சான் காற்று வீசினால் கடலுக்குப் போகேலாது என்று நம்மவர் வலையைப் பின்னிக்கொண்டு இருக்க, அந்தக் காற்றுக்காகவே கண்டக்குளிக்குப் பட்டத்தோடு வந்து பலகையில் ஏறிக் கடலில் பாய்கிறவர்களும் உண்டு. இந்த மாவட்டத்தில் பார்க்காமல் இருக்கவே முடியாத பொருள் என்றால் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிதான். 900 மெகாவாற். அதையும் யாரும் ‘பாக்க இருக்கு’ என்று சொல்வதில்லை.

ஒரு வகையினரின் பதில் மட்டும் என் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. 1990இல் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு வந்து, பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை கிடுகுக் கொட்டில்களில் தொடங்கி வீடு கட்டிக்கொண்ட முஸ்லிம் குடும்பங்கள். அவர்களில் ஒரு மூதாட்டியிடம் கேட்டபோது, அவரும் “இங்க ஒண்டுமில்ல மகன்” என்றுதான் சொன்னார். பிறகு மன்னாரில் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அங்கே அழுத்தம் ‘ஒண்டும்’ மேல் இல்லை, ‘இங்க’ மேல். உம்மையின் எட்டுப் பொருளிலும் அதை வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

இனி, ஊர் காட்டுதல் நடைமுறையில் எப்படி நிகழ்கிறது என்பது. நான்காம் நாள் நான் தலையிட்டதன் பேரில் பையனைப் புத்தளத்துக்கு அழைத்து வந்து, பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக் கோட்டை வரை ‘காட்டுவது’ என்று முடிவானது. சுமார் நாற்பது கிலோமீற்றர் வீதி, முக்கால் மணி நேரம் போதும். காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். பாலாவியிலேயே சாச்சியின் தங்கை வீட்டில் பிளேன்டீ. அங்கே பையனுக்குக் காட்டப்பட்டது, புதிதாக மாபிள் பதித்த குளியலறை. நுரைச்சோலையில் சாச்சாவின் கூட்டாளி வீடு, இளநீர், பீற்றூட் தோட்டம். தலவில புனித அன்னாள் ஆலயத்தின் முன்னால் நிறுத்தி, “ஆகஸ்ட் திருநாளுக்கு வந்திருந்தா சனத்தப் பாத்திருப்பாய்” என்று, அன்று இல்லாததைக் காட்டினார் சாச்சா. பகற்சாப்பாடு கண்டக்குளியில், இறால், நண்டு, சுறா வறை. பிறகு தூக்கம். வீதியில் குறுக்கே நின்ற கழுதைகள் விலகக் காத்திருந்தது ஒரு சிறு பொழுது.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அந்த நேரத்துக்குமேல் உள்ளே விட மாட்டோம் என்று காவலுக்கு நின்ற சிப்பாய் மரியாதையாகச் சொன்னார். பையன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் சாச்சா மதிலுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

மதில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் என்றார். உள்ளே ஒரு சுரங்கம் இருக்காம், அது பள்ளமாகப் போய்க் கடலில் திறக்குமாம், தன் வாப்பா அதில் கொஞ்சத் தூரம் போய்ப் பயந்து திரும்பி வந்தாராம். சின்ன வயசில் எந்த மூலையால் மதிலில் ஏறினார், எவன் காலை முறித்துக்கொண்டான், களப்பில் உப்பு வள்ளங்கள் எங்கே கட்டியிருந்தன, எந்த மாதம் எந்த மீன் வாயால் உள்ளே வரும், தீவொன்றில் கருவாட்டு வாடி போடப் போனவர்களுக்கு ஒரு முறை காற்று மாறி என்ன நடந்தது எல்லாம் சொன்னார். சிப்பாயும் கேட்டுக்கொண்டு நின்றார். இருட்டிவிட்டது. கொசு கடித்தது. பையன் தொலைபேசியை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

திரும்பும்போது அவன் கேட்டான்: “அப்பா, இதெல்லாம் முதல் நாளே ஏன் சொல்லல்ல?” சாச்சாவை அவன் அப்பா என்றே கூப்பிடுவான், மூத்தவர்களை அப்படிக் கூப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கம்.

“நீ பாக்க என்ன இருக்கு எண்டல்லவா கேட்டாய்” என்றார் சாச்சா. “கதைக்க என்ன இருக்கு எண்டு கேக்கல்லயே.”

சாச்சி மூன்றாம் தடவையாக அழைப்பு எடுத்தார். இடியப்பம் ஆறிக்கொண்டிருந்ததாம்.