மொட்டைமாடி தேடு படலம்

உலகம் முழுவதையும் ஒரு கணினிக்குள் அடைத்துக் கையில் கொடுத்தால் மனிதன் முதலில் எங்கே போவான்? ஆல்ப்ஸ் மலைக்கா, நயாகராவுக்கா? மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு ஏறக்குறைய 37,000 விமான நிலையங்களோடு வெளிவந்தபோது இந்த ஐயத்துக்கு விடை கிடைத்துவிட்டது. தன் வீட்டு மொட்டைமாடிக்குத்தான் போகிறான். அதுவும் 500 அடி உயரத்தில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு.

இவ்வொழுக்கத்தைத் ‘தாழ்பறப்பு’ என இக்கட்டுரை வழங்கும். முதலில் இலக்கணம். நெரிசலான ஊர்களின் மேல் பறப்பவர், 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிடக் குறைந்தது 300 மீட்டர் மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 150 மீட்டர். கண்ணால் பார்த்து ஓட்டுவோருக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதி இது. தாழ்பறப்பாளர்கள் இவ்விதியை அறிவார்கள். மீறுவதற்கு அறிந்திருக்க வேண்டுமல்லவா? 1919-இல் ஷார்ல் கோதெஃப்ருவா என்ற விமானி பாரிஸின் வெற்றி வளைவுக்குள் நிஜமாகவே புகுந்து வெளியே வந்தார். வளைவின் அகலம் 15 மீட்டர்கூடக் கிடையாது. இன்று அதே காரியத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாலு தடவை செய்துவிட்டு எழுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று தடவை மோதியது கணக்கில் வராது.

இத்துறையின் பண்டைய வரலாறு சிகாகோவில் தொடங்குகிறது. 1982-இல் வந்த முதல் மைக்ரோசாஃப்ட் பதிப்பு தொட்டுப் பல ஆண்டுகள், பெட்டியைத் திறந்ததும் விமானம் நின்றுகொண்டிருந்த இடம் மெக்ஸ் ஃபீல்ட். மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த குட்டி நிலையம். வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் கோடுகளாலான கட்டடங்கள். அதுவே அன்றைக்குக் கண்கொள்ளாக் காட்சி. 2003 மார்ச்சில் ஒரு நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவுப்படி புல்டோசர்கள் வந்து ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளைக் கிழித்துவிட்டுப் போயின. நிஜ நிலையம் போயிற்று. சிமுலேட்டரில் மட்டும் இன்றும் அங்கே இறங்கலாம்.

தாழ்பறப்புக்கு உகந்த ஊர்தி செஸ்னா 172. காரணம் எளிது: இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. இறக்கை கீழே அமைந்த விமானத்தில் போனால், ஊர் முழுக்கத் தெரியும். பார்க்க வந்த வீடு மட்டும் இறக்கைக்கு அடியில் மறைந்துகொள்ளும்.

இனிக் களஆய்வு. பரமக்குடியில் பிறந்து வளர்ந்த ஒரு தாழ்பறப்பாளரை எடுத்துக்கொள்வோம். மதுரை விமான நிலையத்தில் 09 என்று எண்ணிட்ட ஓடுபாதையில் கிழக்கு நோக்கி எழும்புகிறார். இடக்கைப் பக்கம் கீழடி. பதினெட்டு கிலோமீட்டர் போனால் திருப்புவனத்தில் வைகை வந்து சேர்ந்துகொள்ளும். அப்புறம் வழி கேட்க வேண்டியதில்லை. மானாமதுரையில் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டால் பரமக்குடி வந்துவிடும். 120 நாட் வேகத்தில் மொத்தம் 17 நிமிடம். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் பஸ்ஸில் முறுக்கு கிடைக்கும்.

இந்த வழியில் ஆய்வுலகம் கவனிக்காத ஒன்று உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் கண்மாய்கள். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலைப் பார்த்துச் சரிகிறது. ஓடிவரும் தண்ணீரை மறிக்கப் பள்ளமான பக்கத்தில் கரை போட்டார்கள். அதனால் பெரும்பாலான கண்மாய்களின் கரை கிழக்கே, தென்கிழக்கே வயிறு தள்ளிய பிறை போல வளைந்திருக்கும். ஆயிரக்கணக்கான பிறைகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டிக்கொண்டு. திசைகாட்டிக் கருவி பழுதானாலும் கவலையில்லை. கண்மாய்க் கரை எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் கடல். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தும் தெரியாதது, 800 அடியில் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. (இந்த ஒரு பயனைச் சொல்லித்தான் கிராபிக்ஸ் கார்டுக்கு வீட்டில் பணம் கேட்க முடியும்.)

ஊர் வந்தாயிற்று. வீடு எங்கே? இங்கேதான் சிக்கல். செயற்கைக்கோள் படம் கூரையைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. முப்பரிமாணமாகப் படமெடுத்த பெருநகரங்களை விட்டால், மற்ற ஊர்களுக்கெல்லாம் ஆஸ்திரியாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் மென்பொருள் கூரையைப் பார்த்து, ‘இது இத்தனை மாடி இருக்கலாம்’ என்று ஊகித்துக் கட்டடத்தை எழுப்புகிறது. இந்த ஊகத்தில் பக்கிங்காம் அரண்மனையே அலுவலகக் கட்டடமாகிப்போனது. மெல்போர்னின் வடக்குப் புறநகரான ஃபாக்னரில் நடந்தது இன்னும் மேல். திறந்த வரைபடம் ஒன்றில் யாரோ 2 மாடி என்று போட வேண்டிய இடத்தில் 212 என்று தட்டிவிட, சிமுலேட்டர் அதை நம்பி ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஊசி போல ஒரு கோபுரத்தைக் கட்டிவிட்டது. சுற்றிப் பார்க்க உலகெங்கிலுமிருந்து விமானங்கள் வந்தன. அரண்மனைக்கே இந்தக் கதி என்றால் பரமக்குடி எமனேஸ்வரத்து மூன்றாம் தெருவுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

நம் ஆய்வுப்பொருள் தளரவில்லை. ஆற்றுப் பாலத்திலிருந்து தெருக்களை எண்ணிக்கொண்டு வந்து, ஒரு கூரையின் மேல் வட்டமடிக்கத் தொடங்கினார். வட்டம் சுருங்கச் சுருங்க விமானம் சாய்ந்தது, கண் முழுக்கக் கூரையில், வேகமானியில் இல்லை. நேராகப் பறக்கும் செஸ்னாவை, வேகம் 48 நாட் ஆகக் குறையும் வரைக்கும் காற்று தாங்கும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் அந்த எல்லை 1.4 மடங்காகி 68-ஐத் தொடும். அலாஸ்காவில் மூஸ் என்னும் பெரிய மானைக் கீழே பார்த்தபடி வட்டமடித்து விழுந்த விமானிகள் பலர். அதற்கு ‘மூஸ் ஸ்டால்’ என்றே பெயர். பரமக்குடியில் மூஸ் கிடையாது. பிறந்த வீடு உண்டு. அபாய ஒலி ஒருமுறை ஊளையிட்டது. விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அம்மா வந்தார்.

“சோறு ஆறுதுடா. என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?”

“நம்ம வீட்டத்தாம்மா. இந்தா பாருங்க, இது நம்ம மாடி.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே திரையருகே குனிந்தார். இருபது விநாடி பார்த்தார்.

“இது நம்ம வீடு இல்ல. மாடியில கொடியே கட்டல பாரு. துணிய எங்க காயப்போடுறதாம்?”

அவர் போன பிறகு தாழ்பறப்பாளர் மறுபடியும் மதுரையிலிருந்து கிளம்பினார். இந்தத் தடவை 400 அடி.