மஸ்கி மீனளப்பியல்: பலகைத் தேர்வு குறித்த முன்னாய்வு

ஒரு மீனுக்கு இரண்டு நீளங்கள் உண்டு. ஒன்று பிடித்தவர் சொல்வது. மற்றொன்று பலகை சொல்வது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை இக்கட்டுரை ‘தூண்டில்காரப் பிழை’ என்று குறிக்கும். மற்ற துறைகளில் அளவைப் பிழை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். இத்துறையில் அது ஒரே திசையில்தான் போகும். தன் மீனைக் குறைத்துச் சொன்ன தூண்டில்காரர் எவரும் இதுவரை இவ்வாய்வாளர் கண்ணில் பட்டதில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மீன் மஸ்கெலஞ்ச்; பிடிப்பவர்கள் வாயில் மஸ்கி. வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் வேட்டை மீன், பைக் குடும்பத்தில் ஆகப் பெரியது. ஒரு மஸ்கி கிடைக்கப் பத்தாயிரம் தடவை தூண்டில் வீச வேண்டும் என்பது விஸ்கான்சின், மினசோட்டா பக்கத்துப் பேச்சு. அத்தனை வீச்சுக்கும் பிறகு வலைக்குள் வந்த மீனைப் பார்த்து, “49¾ அங்குலம்” என்று படகிலிருக்கும் நண்பர் சொல்லிவிட்டால் அந்த நட்பு கரை சேர்வது சந்தேகம். மஸ்கி உலகில் 50 அங்குலம் என்பது பட்டம் வாங்குவதற்குச் சமம். கால் அங்குலத்தில் பட்டத்தைப் பறிப்பவரை யாரும் மன்னிப்பதில்லை.

அற்றேல், ஒரு தையல் நாடா போதாதோ எனின், போதாது. காரணம் அறிய 1949ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டு ஜூலையில் விஸ்கான்சினின் லக் கூட்டரே ஏரியில் கால் ஜான்சன் 67 பவுண்டு 8 அவுன்ஸ் எடையுள்ள மஸ்கியைப் பிடித்தார். மூன்று மாதம்கூட அவர் நிம்மதியாக இருக்கவில்லை. அக்டோபரில் பக்கத்திலிருக்கும் சிப்பேவா நீர்த்தேக்கத்தில் லூயி ஸ்ப்ரே 69 பவுண்டு 11 அவுன்ஸ் மீனைக் கொண்டுவந்தார். நீளம் 63½ அங்குலம் என்றார்கள். 1957இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஆர்ட் லாட்டன் 69 பவுண்டு 15 அவுன்ஸ் என்று அறிவித்து, நான்கே அவுன்ஸில் ஸ்ப்ரேயைத் தாண்டினார். 35 ஆண்டுகள் கழித்து, 1992இல், பழைய புகைப்படங்களைத் தோண்டியெடுத்து ஆராய்ந்ததில் லாட்டனின் சாதனை நீக்கப்பட்டது. அத்துடன் ஓய்ந்ததா? 2005இல் ஸ்ப்ரேயின் படங்களையும் கணிதக்காரர்களிடம் கொடுத்து, அந்த மீன் சொன்ன நீளம் இல்லை என்று ஓர் ஆட்சேபம் எழுப்பப்பட்டது. ஹேவர்ட் ஊரிலிருக்கும் நன்னீர் மீன்பிடி அருங்காட்சியகம் அதை ஏற்காமல் ஸ்ப்ரேயையே இன்றும் வைத்திருக்கிறது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமோ நெடுங்காலம் ஜான்சன் பக்கம் நின்றது. மீன்கள் இரண்டும் போய்ச் சேர்ந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது; வழக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது.

அந்த அருங்காட்சியகமே ஒரு மஸ்கி வடிவக் கட்டடம்தான். 143 அடி நீளம்; வாய்க்குள் ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம். நீளம் பற்றி இதுவரை தகராறு வராத ஒரே பெரிய மஸ்கி அதுதான் என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

மேற்படி மூன்று மீன்களும் தராசில் ஏறியவை. தராசில் ஏற மீன் சாக வேண்டும். படகில் ஏற்றுமுன் மஸ்கியைக் கைத்துப்பாக்கியால் சுடுவதுகூட அந்தக் காலத்து வழக்கம். நம் பக்கமும் அதே கதை. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் பிடித்த மஹசீர் இன்றும் 120 பவுண்டாகத்தான் பேசப்படுகிறது. எடைக்காலத்தில் பிணமே சாட்சி.

1966இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கில் ஹாம் தொடங்கிய மஸ்கீஸ் இங்க் என்ற அமைப்பு, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடும் பழக்கத்தைப் பரப்பியது. மீனுக்கு நல்லது. ஆனால் சாட்சி நீந்திப் போய்விடுகிறதே! அந்தக் காலியிடத்தில்தான் பலகை வந்து உட்கார்ந்தது. மினசோட்டா அரசு 2016 முதல், பிடித்து விட்ட மீன்களுக்குத் தனிச் சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது; அதற்கு எடை வேண்டாம், நீளம் போதும். ஆகவே, பலகை வாங்குபவர் வாங்குவது ஒரு சாட்சியை. சாட்சிக்கு என்னென்ன இலக்கணமோ அவையே பலகைக்கும்.

முதல் இலக்கணம், பூஜ்யத்தில் ஒரு சுவர். தூண்டில்காரர்கள் ‘பம்ப் போர்டு’ என்பது இதைத்தான்: பலகையின் ஒரு முனையில் செங்குத்தாக நிற்கும் தடுப்பில் மீனின் மூக்கு முட்ட வேண்டும். சுவரில்லாத பலகையில் பூஜ்யம் எங்கே என்பது அவரவர் மனசாட்சிக்கு விட்ட விஷயம். மஸ்கிக்குக் கீழ்த்தாடை சற்றே முன்னால் நீண்டிருக்கும். வாய் மூடியிருக்கும்போது முட்டுவது அதுதான். வாய் திறந்திருந்தால் கணக்கு செல்லாது. மறுமுனையில் வால் துடுப்பின் இரு மடல்களையும் விரலால் குவித்து, நுனி எட்டும் கோட்டை வாசிக்க வேண்டும். ஒண்டாரியோவின் சட்டமும் மூடிய வாய், குவித்த வால் என்றே சொல்கிறது. வாலைக் குவிப்பது ஏமாற்று என்று கருதும் தூயவாதிகள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் அடுத்த படகில் இருப்பவர்கள்.

நாடா ஏன் கூடாது என்பதற்கும் இங்கேதான் விடை. நாடா மீனின் வயிற்று மேட்டில் ஏறி இறங்கும். கொழுத்த மீனுக்கு அதனால் வரும் லாபத்தை நேர்மையான எந்தப் பலகையும் தராது.

இனிப் பொருள். இது பற்றி ஆய்வுலகில் கடும் மௌனம் நிலவுவதால் சற்று விரிவாகவே பேசலாம். பிவிசி பலகை இலேசு, வழுவழுப்பு, மீனுக்கு இதம். ஆனால் வெயிலில் நீளும். 60 அங்குலப் பலகை 5 டிகிரி செல்சியஸிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்குலம் வளர்கிறது. பலகை வளர்ந்தால் கோடுகள் விலகும். கோடுகள் விலகினால் மீன் குறையும். அதாவது ஜூலை நடுப்பகலில் பிடித்த மஸ்கியைவிட நவம்பர் விடியலில் பிடித்த அதே மஸ்கி நீளமானது. அலுமினியம் இதில் பாதிகூட நகராது. ஆனால் வெயிலில் கிடந்தால் தோசைக்கல். அதில் மீனைக் கிடத்துகிறவர், மீனை விடப்போவதாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. மரம் நெடுக்குவாட்டில் அசைவதே இல்லை எனலாம். சாட்சிகளில் அதுவே உத்தமம். கெடுதல் என்னவென்றால், காய்ந்த மரம் மீனின் வழும்பை இழுத்துக்கொள்ளும். வழும்பு போன மீனுக்கு நோய் தொற்றும். எந்தப் பலகையானாலும் ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டே மீனை வைக்க வேண்டும். சுருட்டி வைக்கும் பாய் வகைகள் சுருண்டே பழகியவை. விரித்தாலும் ஓரம் எழும். விலக்குக.

பலகையின் நீளம் என்பது வாங்குபவரின் தன்னம்பிக்கை பற்றிய வாக்குமூலம். பாஸ் மீனுக்கு 36 அங்குலம் தாராளம். மஸ்கிக்குக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பெரிய பலகை 60 அங்குலம். இதில் ஒரு நுட்பம்: ஸ்ப்ரே சொன்ன 63½ அங்குல மீன் இன்று வந்தால் அந்தப் பலகையில் அடங்காது. உலக சாதனையை நம்புகிறவர் சொந்தமாக அறுத்துச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

நீளம் மட்டும் போதாது, எடையும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 800ஆல் வகுத்தால் பவுண்டுக் கணக்கு கிடைக்கும், அளவுகள் அங்குலத்தில். 54 அங்குல நீளம், 25 அங்குலச் சுற்றளவு என்றால் சுமார் 42 பவுண்டு. இதில் நீளத்தை ஓர் அங்குலம் கூட்டினால் முக்கால் பவுண்டுதான் ஏறும். சுற்றளவை ஓர் அங்குலம் கூட்டினாலோ மூன்றரை பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக ஏறுகிறது. பலகை எவ்வளவு யோக்கியமானதாக இருந்தாலும் சுற்றளவு இன்னும் நாடாவின் கையில்தான் இருக்கிறது என்பதைப் பெரியோர் கவனிக்க.

எண்கள் பெரிதாக, கறுப்பில், மங்கலில்லாத மஞ்சள் அல்லது வெள்ளைத் தரையில் இருக்கட்டும். ஈரப் பலகையில் பளபளப்பு இருந்தால் சரியாக 50 என்ற எண்ணின் மேலேயே சூரியன் வந்து உட்காரும். படம் நேர் மேலிருந்து, மூக்கும் வாலும் ஒரே சட்டகத்தில் விழும்படி எடுக்க வேண்டும். சாய்ந்து எடுத்தால் வால் வேறு கோட்டில் போய் நிற்கும். மீனைக் கேமராவுக்கு நேராகக் கை நீட்டிப் பிடித்து எடுக்கும் படம் முகநூலுக்கு உகந்தது. வழக்காடு மன்றத்துக்கு உதவாது.

இத்தனையும் முடிய எவ்வளவு நேரம்? பலகையை முன்கூட்டியே நனைத்து, கேமராவைத் தயாராக வைத்து, மீன் அதுவரை வலைக்குள் தண்ணீரிலேயே இருந்தால் சில நொடிகள். பெட்டிக்கு அடியில் பலகையைத் தேடுபவர் எந்தப் பலகை வாங்கினாலும் வீண். இதனாலேயே, வலைக்குள் மீனின் பக்கத்தில் மிதக்கவிட்டு அளக்கும் கோல்கள் வந்திருக்கின்றன. மீன் தண்ணீரை விட்டு வெளியே வரவே வேண்டாம். அலையடித்தால் கால் அங்குலம் முன்பின் ஆகும். மீனின் தரப்பில் இதுவே மேலான கருவி. பட்டத்தின் தரப்பில் பம்ப் போர்டு. 48 அங்குலத்துக்குக் கீழே மிதவைக் கோல், அதற்கு மேலே பலகை என்பது இவ்வாய்வாளர் பரிந்துரை. சரியாக 48 இருந்தால் எதில் அளப்பது என்று படகில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்குள் மீனை விட்டுவிடவும்.