வாரமும் வரமும்

திங்கள் டியூஷன், செவ்வாய் பரதம், புதன் நீச்சல், வியாழன் பாட்டு, வெள்ளி கோயில், ஞாயிறு யார் வீட்டுக் கல்யாணமோ! பிள்ளைகளோடு ஓடியே வாரம் தீர்கிறதே, என்ன செய்ய?
– ஒரு தாய், மட்டாஞ்சேரி

'வாரம்' என்பதிலிருந்து ஒரே ஒரு காலை எடுத்துவிடுங்கள், 'வரம்' ஆகிவிடும்!

வாரத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டால் அதுவே வரம் என்பதற்கு உங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. 1568-ல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயம் சனிக்கிழமைகளில் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. அங்கே 1760-ல் மணிக்கூண்டு எழுப்பிய எசெக்கியேல் ராகபி, டச்சுக்காரரோடு மிளகு வணிகம் நடத்திய பெரும்புள்ளி. அவர் சமூகத்துக்கும் வெள்ளி பொழுது சாய்ந்தால் மறுநாள் பொழுது சாயும்வரை ஓய்வுநாள்தான். எத்தனை பேருக்கு வாய்க்கும் அந்த நிம்மதி!

உங்கள் பட்டியலிலும் சனி காலியாக இருக்கிறது, கவனித்தீர்களா அம்மா? அதை எந்த வகுப்புக்கும் கொடுத்துவிடாதீர்கள்.