ஓட்டை வீட்டு உபயம்

ஊட்டியில் நாங்கள் குடியிருந்த தகரக் கூரை வீட்டில் காற்று வராத இடம் என்று ஒன்று கிடையாது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். டிசம்பர் பிறந்ததும் அப்பா பழைய செய்தித்தாளைச் சுருட்டி இடுக்குகளில் திணிப்பார். பொங்கலுக்குள் எலி அதை உருவிவிடும். “இதுக்கு வாடகை வேற” என்பாள் அம்மா.

மாலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி அறிவித்துவிடுவார்: “இன்னிக்குப் பனி கொட்டும்.” மேகம் மூடாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும், கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா புல்வெளி விடியலில் உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடப்பது அதனால்தான். பாட்டி விளக்கமெல்லாம் சொல்லவில்லை. ரோஜாச் செடிக்குச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

எங்களுக்குச் சாக்குக்குப் பதில் கரிச்சட்டி. வாசலில் பற்றவைத்து, “புகை அடங்கிடுச்சு, உள்ளே கொண்டா” என்று அம்மா குரல் கொடுத்ததும் கட்டிலருகே வரும். அடங்கியது புகைதான். புகையாவது கண்ணைக் கரித்து ஆளை வெளியே விரட்டும். கனலும் கரி விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், குமட்டும், அசத்தும். தூக்கம்தானே என்று படுத்தால் அவ்வளவுதான். நாங்கள் தினமும் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போனோம். எலிக்கு நன்றி.

இப்போது அதே இடத்தில் கான்கிரீட் வீடு. எறும்பு நுழையாத ஜன்னல்கள். இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறேன். கொத்தனாரிடம் சண்டை போட்டு, பெரிய விலை கொடுத்து அடைத்த சுவரில், பிறகு கூலி கொடுத்து வென்டிலேட்டர் உடைத்தேன். அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது வெந்நீர், அடுத்தது நெருப்பு. “அண்ணா, வெளியே குளிருது, பார்பிக்யூ அடுப்பை உள்ளே வெச்சுக்கட்டுமா? புகையே இல்லண்ணா!” அம்மாவின் அதே சான்றிதழ். முற்றத்தோடு சரி என்று சொல்லி, கூடுதலாக இரண்டு கம்பளி கொடுப்பேன். முகம் சுருங்கும்.

போன வாரம் அறையைக் காலி செய்தபின் போய்ப் பார்த்தேன். வென்டிலேட்டரில் தலையணை. விஷவாயு வந்தால் அலறுகிற கருவியின் பச்சை விளக்கு தூக்கத்தைக் கெடுத்ததாம். அதற்கு ஒரு கம்பளிக் குல்லா மாட்டியிருந்தார்கள்.